பந்து முதலில், மண் பிறகு



எங்கள் வாடகை அறையின் கதவு மூலையில் ஒரு கோல்ப் மட்டை சாத்தியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைப் பார்க்கிறார்கள். பிறகு எங்களைப் பார்க்கிறார்கள். "சேர்மாருக்குச் சம்பளம் கூடிட்டுது போல" என்று ஒரு சிரிப்பு.

சம்பளம் கூடவில்லை. மட்டையும் எங்களுடையதில்லை. அது ஒரு மாணவனுடையது. அது ஏன் எங்களிடம் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

நாங்கள் இரண்டு பேர். ஒருவர் கணிதம், மற்றவர் விஞ்ஞானம். ஆசிரியர் கலாசாலையில் ஒரே விடுதி அறையில் இருந்தோம். கிழக்கிலிருந்து நுவரெலியா மாவட்டத்துக்கு ஒரே நாளில் நியமனம் கிடைத்து, இங்கும் ஒரே அறையில் குளிருக்குள் கிடக்கிறோம். இதைத் தட்டச்சுச் செய்வது ஒருவர்தான். ஆனால் சொல்லப்போகும் பிழை இருவருடையதும். அதனால் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

அந்தத் தம்பி எங்களிடம் சாதாரண தரம் வரை படித்தவன். தோட்டத்துப் பிள்ளை. அம்மா கொழுந்து எடுக்கிறார். கணிதத்தில் இரண்டு தடவையும் W. பாடசாலையை விட்டபின் கோல்ப் மைதானத்தில் ஆட்டக்காரரின் பையைச் சுமக்கும் கெடி வேலைக்குப் போய்விட்டான். போன வருடம் ஒரு சனிக்கிழமை எங்கள் அறை வாசலில் வந்து நின்றான். ஒரு பயிற்சி நெறிக்கு விண்ணப்பிக்க வேண்டுமாம். கணிதத்தில் சாதாரண சித்தி இருந்தால் போதுமாம். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக மூன்றாம் தடவை எழுதப் போகிறான்.

"கிளாஸுக்குக் காசு குடுக்க முடியாது சேர். அதுக்குப் பதிலா நான் கோல்ப் சொல்லித் தாரேன்."

சிரித்துவிட்டோம். அவன் சிரிக்கவில்லை. சும்மா வாங்கிக்கொள்ள அவனுக்கு மனமில்லை என்று அப்போதுதான் விளங்கியது. சரி என்றோம்.

சனிக்கிழமைகளில் அஸர் தொழுத பிறகு பாடசாலை மைதானம். அதிபரிடம் அனுமதி எடுத்து, கிரிக்கெட் பயிற்சிக்குக் கட்டிய பழைய வலைக்கு முன்னால் நின்றோம். முதல் ஒரு மணித்தியாலம் கணிதம். அதன் பிறகு மஃரிப் வரை கோல்ப். ஒரே ஒரு மட்டைதான், செவன் அயன். அவன் பை சுமந்த ஒரு வெளிநாட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது.

இந்த ஊரில் கோல்ப் கழகம் தொடங்கியது 1889 இல். நகரத்துக்குப் போகும்போதெல்லாம் அந்தப் புல்வெளியைப் பார்த்திருக்கிறோம். உள்ளே என்ன நடக்கிறது என்று யோசித்ததே இல்லை. 2002 இல் பூசான் ஆசிய விளையாட்டு விழாவில் தனிநபர் கோல்பில் அனுர ரோஹன இலங்கைக்கு வெள்ளிப் பதக்கம் வாங்கித் தந்ததையும் அவன் சொல்லித்தான் அறிந்தோம். பொது அறிவுப் போட்டிக்குக் கேள்வி தயாரிக்கிற எங்களுக்கு அது தெரியாது!

முதல் நாள் கதையைச் சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள். கணித ஆசிரியர் ஓங்கி அடித்தார். பந்துக்கு அரைச் சாண் பின்னாலேயே மட்டை நிலத்தில் புதைந்தது. ஈரமண் முகத்தில் தெறித்தது. பந்து இரண்டு அடி உருண்டு நின்றது. விஞ்ஞான ஆசிரியர் அடித்தார். மட்டையின் கீழ் விளிம்பு பந்தின் நடுவில் பட்டு, பந்து எலி ஓடுவதுபோல் புல்லோடு ஓடியது. கை இரண்டும் விறைத்துப் போயின. அன்று முழுவதும் ஒருவருக்கு மண், மற்றவருக்கு டொப். ஒவ்வொருவரும் மற்றவரைவிடத் தான் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டோம்.

ஆறுதலுக்கு விஞ்ஞான ஆசிரியர் ஒரு கதை சொன்னார். 1971 பெப்ரவரியில் அப்பல்லோ 14 இல் போன அலன் ஷெபர்ட், மண் மாதிரி எடுக்கும் கருவியின் பிடியில் ஒரு சிக்ஸ் அயன் தலையைப் பூட்டி, சந்திரனில் நின்று ஒற்றைக் கையால் கோல்ப் அடித்தார். முதல் வீச்சில் பந்தைவிட மண்தான் கூடுதலாகக் கிளம்பியதாம். "சந்திரனுக்குப் போனாலும் மண்ணிலதான் மாட்டும்" என்றோம். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். எங்கள் வகுப்பில் அவன் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.

பிறகு அவன் சொன்னதுதான் முக்கியம்.

"ரெண்டு பேருக்கும் ஒரே பிழைதான் சேர். ரெண்டு பேரும் பந்தத் தூக்கப் பாக்கிறீங்க."

பந்து மேலே போக வேண்டும், அதனால் அதன் கீழே மட்டையை விட்டுக் கிண்ட வேண்டும் என்றுதான் மனம் நினைக்கிறது. கிண்டப் போகும்போது உடல் பின்னால் சாய்கிறது. பாரம் வலது காலிலேயே தங்கிவிடுகிறது. மட்டை போகும் வளைவின் மிகத் தாழ்ந்த இடம் பந்துக்குப் பின்னால் விழுகிறது. அங்கே நிலம் இருந்தால் மண்ணில் மாட்டும். மண்ணில் மாட்டிவிடும் என்று பயந்து கையை மடக்கி உடம்பை நிமிர்த்தினால், மட்டை மேலே ஏறும் வழியில் பந்தின் நடுவில் பட்டு டொப் ஆகும். பார்க்க இரண்டு பிழை. வேர் ஒன்று.

"தூக்கிறது உங்க வேல இல்ல சேர். அது அயனோட வேல."

மட்டையைத் திருப்பிக் காட்டினான். செவன் அயனின் முகம் முப்பது பாகைக்குக் கொஞ்சம் கூடவே சாய்ந்திருக்கிறது. மட்டை இறங்கிக்கொண்டிருக்கும்போதே பந்தில் பட்டால், அந்தச் சாய்வே பந்தை மேலே அனுப்பும். பந்து பின்பக்கமாகச் சுழன்றுகொண்டு கிளம்பும். மட்டை அதன் பிறகும் இறங்கி, பந்து இருந்த இடத்துக்கு முன்னால் புல்லைச் சீவும். நல்ல ஆட்டக்காரர் அடித்த இடத்தைப் பார்த்தால் புல் பெயர்ந்த தடம் பந்துக்குப் பின்னால் இருக்காது, முன்னால் இருக்கும். மேலே போக வேண்டுமென்றால் கீழே இறங்கி அடிக்க வேண்டும். பந்து முதலில், மண் பிறகு.

விஞ்ஞான ஆசிரியருக்கு உடனே ஊசல் நினைவுக்கு வந்தது. ஊசற்குண்டு மிகத் தாழ்வது தொங்கும் புள்ளிக்கு நேர் கீழே. தொங்கும் புள்ளியை இடப்பக்கம் நகர்த்தினால் தாழ்ந்த இடமும் நகரும். மட்டையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருப்பது ஒரு செக்கனின் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குள் கையால் எதையும் திருத்த முடியாது. மட்டை வந்து சேரும் முன்பே உடல் சரியான இடத்தில் இருக்க வேண்டும்.

அவன் தந்த பயிற்சிகளை அப்படியே எழுதுகிறோம். யாருக்காவது உதவும். வலக்கைக்காரருக்கு உரியது. இடக்கைக்காரர் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலாவது, சுண்ணாம்புக் கோடு. விளையாட்டுப் போட்டிக்குக் கோடு போட்டு மிஞ்சிய சுண்ணாம்பால், அடிக்கும் திசைக்குக் குறுக்கே ஒரு கோடு. பந்து இல்லை. கோடு இரண்டு காலுக்கும் நடுவில் வரும்படி நின்று மட்டையை வீச வேண்டும். மட்டை புல்லைத் தொட்ட தடம் கோட்டுக்கு இடப்பக்கம், அதாவது இலக்கின் பக்கம் விழ வேண்டும். எங்கள் முதல் பத்து வீச்சில் ஒன்றுகூட அப்படி விழவில்லை. கோடு பொய் சொல்லாது. ரப்பர் விரிப்பில் பழகினால் மட்டை துள்ளிப் போய்ப் பந்தில் பட்டுப் பிழையை மறைத்துவிடுமாம். புல்லிலேயே பழகச் சொன்னான்.

இரண்டாவது, பாரம். தொடக்கத்திலேயே இடது காலில் கூடுதல் பாரத்தைப் போட்டு, வலது குதியை இலேசாகத் தூக்கிக்கொண்டு, இடுப்பளவு உயரத்துக்கு மட்டும் மட்டையை எடுத்து அரை வீச்சு. இதில் பின்னால் சாயவே முடியாது. முழு வீச்சிலும் மட்டை கீழே வரும்போது பாரம் இப்படித்தான் இடது காலுக்கு வந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, பழைய சாரம். மடித்துப் பந்துக்கு அரைச் சாண் பின்னால் போட வேண்டும். சாரத்தில் படாமல் பந்தை அடிக்க வேண்டும். எங்கள் சாரம் மூன்று சனிக்கிழமைகளில் கிழிந்துவிட்டது.

நான்காவது, கை. பந்தில் படும் நேரம் கைகள் மட்டையின் தலைக்கு முன்னால், இலக்கின் பக்கம் இருக்க வேண்டும். இடது மணிக்கட்டு பின்னால் மடிந்தால் கிண்டுகிறோம் என்று அர்த்தம். அடித்த உடனே மட்டையை இடுப்பளவில் நிறுத்திப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

மூன்று வாரம் போனது. முன்னேற்றம் இல்லை. ஒரு நாள் மழைத்தூறலில் நின்றுகொண்டு எங்களில் ஒருவர் சொன்னார்:

"விடு தம்பி. எங்களுக்கு இது ஏறாது."

அவன் பந்துகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னான்:

"அந்தச் சொல்ல மட்டும் சொல்லாதீங்க சேர்."

எங்களுக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. 'இந்தப் பிள்ளைக்குக் கணிதம் ஏறாது.' ஆசிரியர் அறையில் நாங்கள் சொன்னது. கதவு திறந்திருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. அவன் கேட்டிருக்கிறான். இத்தனை வருடம் வைத்திருந்திருக்கிறான். அப்படியிருந்தும் எங்கள் வாசலுக்கே வந்திருக்கிறான்.

அன்றிரவு அவனுடைய பயிற்சிக் கொப்பிகளை முதலிலிருந்து எடுத்துப் பார்த்தோம். சமன்பாட்டில் பிழை. சூத்திரத்தில் எழுவாய் மாற்றுவதில் பிழை. சதவீதத்தில் பிழை. ஒன்றுக்குப் பக்கத்தில் 'கவனக்குறைவு' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தோம். இன்னொன்றுக்கு 'படிக்கவில்லை'.

ரெண்டு பேருக்கும் ஒரே பிழைதான் சேர் என்ற குரல் காதில் கேட்டது.

அடுத்த சனிக்கிழமை ஒரு சின்னக் கணக்குக் கொடுத்தோம். 7 + 5 = □ + 4. பெட்டிக்குள் 12 என்று எழுதினான். வர வேண்டியது 8. அப்போது பிடிபட்டது. சமன் அடையாளம் என்றால் 'இனி விடை வரும்' என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். இரண்டு பக்கமும் சமம் என்று அவனுக்கு யாரும் பதிய வைக்கவில்லை. 3x + 5 = 20 என்றால் '20 − 5 = 15 ÷ 3 = 5' என்று ஒரே சங்கிலியாக எழுதியிருக்கிறான். விடை சரி என்று நாங்களும் சரி போட்டிருக்கிறோம். x இரண்டு பக்கமும் வந்த இடத்தில் அவன் விழுந்திருக்கிறான். நாங்கள் விழுந்த இடத்தை மட்டும் பார்த்தோம். கோடு போட்டு அடி எங்கே படுகிறது என்று பார்க்கவில்லை. பாஸ் பண்ண வைக்க வேண்டும் என்ற அவசரத்தில் கடந்த கால வினாத்தாள்களைக் கொடுத்துக் கொடுத்து அவனைத் தூக்கப் பார்த்தோம்.

பஸார் கடை நானாவிடம் பழைய இரண்டு தட்டுத் தராசு ஒன்றை இரவல் வாங்கினோம். படிக்கற்களும் ஒரு பை அரிசியும். ஒரு தட்டில் எடுத்தால் மற்றத் தட்டிலும் எடுக்க வேண்டும். ஒரு மாதம் அதுதான் பாடம். வினாத்தாளைத் தொடவே இல்லை. பதினோராம் வகுப்பு முடித்த பையனுக்கு ஐந்தாம் வகுப்புப் பாடமா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். கேட்கட்டும். கீழே இறங்காமல் மேலே போகாது.

எங்களுக்கும் ஒரு நாள் அது நடந்தது. பெரிதாக ஓங்கவில்லை. பந்தில் பட்டது கையில் தெரியவே இல்லை. ஒரு 'டக்'. பந்து வலையின் மேல் கயிற்றுக்குப் போய் முட்டியது. கீழே பார்த்தால், பந்து இருந்த இடத்துக்கு முன்னால், கோட்டுக்கு அப்பால், உள்ளங்கை அகலத்துக்குப் புல் சீவியிருந்தது. தம்பி குனிந்து அந்தத் தடத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். "இதான் சேர்" என்றான். எங்கள் கொப்பிகளில் நாங்கள் போட்ட எந்தச் சரியும் அவ்வளவு அழகாக இருந்ததில்லை.

அல்ஹம்துலில்லாஹ், இப்போது பத்தில் ஐந்தாறு கோட்டைத் தாண்டுகிறது. மிச்சம் இன்னும் மண்தான்.

தம்பி பரீட்சை எழுதி முடித்துவிட்டான். கணிதப் பரீட்சை முடிந்து நேராக எங்கள் அறைக்கு வந்தான். வினாத்தாளைக் காட்டினான். x இரண்டு பக்கமும் வந்த கேள்வி ஒன்று இருந்தது. ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு தராசு கீறியிருந்தான். பிறகு செவன் அயனைக் கதவு மூலையில் சாத்தினான்.

"ரிசல்ட் வரும் வரைக்கும் இங்கயே இருக்கட்டும் சேர். நீங்க அடிச்சுப் பழகுங்க."

முடிவு இன்னும் வரவில்லை. அதுவரை மட்டை எங்களிடம் அமானிதம். அவனுக்காக எல்லோரும் துஆ செய்யுங்கள், பிரார்த்தியுங்கள். ஆசிரியர்களாக இருக்கும் நண்பர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். 'ஏறாது' என்று சொல்ல வாய் வரும்போது, ஆசிரியர் அறைக் கதவை மூடாதீர்கள். அந்தச் சொல்லை விட்டுவிட்டு, கொப்பியைத் திறந்து ஒரு கோடு போட்டுப் பாருங்கள்.