சேலைக்கு அந்தப் பக்கம்

எங்கள் பக்கம் 'கேம்ப்' என்றால் எது என்று யாரும் கேட்க மாட்டார்கள். ரயில் நிலையத்துக்கே மண்டபம் கேம்ப் என்றுதான் பெயர். இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலியாட்களுக்கு அம்மை, காலரா இருக்கிறதா என்று பார்த்து, சில நாள் தங்கவைத்துக் கப்பலேற்ற வெள்ளைக்காரன் காலத்தில் ஏற்பட்ட இடம். சில நாள்தானே!

இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பிறகு இந்தக் கேம்புக்கு வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் என்னோடு படித்தான். பத்துக்குப் பத்து அறை. அதில் பாட்டி, அப்பா, அம்மா, அக்கா, அவன், தம்பி. "வா தம்பி, இரு" என்பார் அவன் அம்மா. யாராவது பாயைச் சுருட்டினால்தான் இருக்க இடம். குறுக்கே நைலான் கயிறு, அதில் பழைய சேலை. அக்கா உடை மாற்ற வேண்டுமென்றால் ஆண்பிள்ளைகள் தெருவுக்கு வந்துவிடுவோம். அடுப்பு வாசலில். மழை வந்தால் அதுவும் உள்ளே வரும், புகையோடு.

என் அப்பா சொல்வார், 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பியவர்களும் 'ராமானுஜம்' கப்பலில் ராமேஸ்வரம் வந்திறங்கி இங்கேதான் தங்கினார்கள் என்று. கூலியாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் தாத்தா தங்கிய கேம்புக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். இதை விதி என்பார் அவர். இரண்டு அரசாங்கங்கள் போட்ட கையெழுத்து எப்படி விதியாகும்?

அந்தச் சேலை என்ன ஆனது என்றால், அக்காவுக்குக் கல்யாணமானதும் அங்கே ஒட்டுப்பலகைத் தடுப்பு வந்தது. மாப்பிள்ளைக்கும் தனி வீடு இல்லை. அன்றிலிருந்து நண்பனும் அவன் அப்பாவும் வேப்பமரத்தடியில் படுத்தார்கள். ஐப்பசி, கார்த்திகையில் எங்கே படுத்தார்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்கிற வயதும் இல்லை.

பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்குக் குறைந்த அளவே 25 சதுர மீட்டர், சமையலிடத்தோடு. ஏறக்குறைய 270 சதுர அடி. அவர்கள் அறையைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு, மாநிலம் முழுவதும் முகாம்களில் பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக அறிவித்தது. 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. நல்ல காரியம், மறுக்கவில்லை. அடுத்த ஆண்டே இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் தனுஷ்கோடி மணல்திட்டுகளில் வந்திறங்கியவர்களும் மண்டபம் கேம்புக்குத்தான் அனுப்பப்பட்டார்கள்.

பழைய வீட்டுக்குப் பதில் புதிய வீடு என்று மட்டும் கணக்கெடுத்தால் போதாது. ஒரு கதவுக்குள் எத்தனை குடும்பம் என்று கேட்டு எழுதிக்கொண்டு, கல்யாணமான பிள்ளைகளுக்குத் தனி வீடு ஒதுக்க வேண்டும்.