இரந்து பெற்ற மருத்துவமனை

சுல்பான் ஹமாத்தவா என்னும் பெயரின் முற்பாதி தாத்தார் மொழிச் சொல். விடிவெள்ளி என்று பொருள். 1975இல் வோல்கா நதிக்கரையிலுள்ள கஸான் நகரில் பிறந்து, மாஸ்கோவில் நாடகக் கலை பயின்று, 1998இல் சவ்ரெமென்னிக் நாடக அரங்கில் சேர்ந்தவர். அதே ஆண்டில் வெளிவந்த வலேரி தொதரோவ்ஸ்கியின் 'காது கேளாதோர் நாடு' திரைப்படம் அவரைப் புகழ்பெறச் செய்தது. சூதாட்டக் கடனில் சிக்கிய காதலனுக்காக அலையும் ரீத்தாவாக அவரும், செவிப்புலனற்ற நடனப் பெண் யாயாவாக தீனா கோர்ஸுனும் நடித்தார்கள். திரைக்கு வெளியிலும் இவ்விருவரின் தோழமை நீடித்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். எட்டாண்டுகளுக்குப் பின் ரஷ்யாவின் புகழ்பெற்ற அறக்கட்டளைகளில் ஒன்றைத் தொடங்கியவர்கள் இவர்களே.

தொடக்கம் ஒரு கருவி. இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைக்குப் பிறருடைய இரத்தம் ஏற்றாமல் முடியாது. ஆனால் எதிர்ப்புச் சக்தி முற்றிலும் ஒடுங்கிய உடலில், கொடையாளியின் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களே அக்குழந்தையின் திசுக்களைத் தாக்கத் தொடங்கிவிடக்கூடும். எனவே ஏற்றுவதற்கு முன் இரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்த வேண்டும். மாஸ்கோவின் குழந்தைகள் மருத்துவமனையொன்றில் அதற்கான கருவி இல்லை. அதை வாங்க 2005இல் நடிகர்களும் இசைக்கலைஞர்களும் ஒரு நிகழ்ச்சி நடத்திப் பணம் திரட்டினார்கள். 2006இல் 'வாழ்வைப் பரிசளி' அறக்கட்டளை பிறந்தது.

இதற்குப் பிறகு அவர் நடித்த வேடங்களில் கடினமானது, சலிக்காமல் கையேந்தும் வேடமாகத்தான் இருந்திருக்க வேண்டும். வணிகர்களிடம், அமைச்சர்களிடம், கடைசியில் நாட்டின் தலைவரிடம். 2005இல் புத்தின் மருத்துவமனைக்கு வந்து திமா ரகச்சோவ் என்ற நோயுற்ற சிறுவனோடு அமர்ந்து அப்பம் உண்டார். அது அச்சிறுவனின் விருப்பம். 2007இல் சிறுவன் இறந்துபோனான். 2011 ஜூன் 1 அன்று அவன் பெயர் தாங்கிய குழந்தைகள் புற்றுநோய் மருத்துவமனை மாஸ்கோவில் திறக்கப்பட்டது. கட்டியது அரசு, விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மருத்துவர்களும் இவர்களும்.

2012 தேர்தலின்போது, புத்தினுக்கு வாக்களிக்கப் போவதாக ஹமாத்தவா ஒரு காணொளியில் தோன்றிப் பேசினார். மருத்துவமனை குறித்துத் தந்த வாக்கை அவர் காப்பாற்றினார் என்பதே சொன்ன காரணம். எதிர்க்கட்சியினரும் சக கலைஞர்களும் கொதித்தார்கள். அறக்கட்டளை இல்லாதிருந்தால் இதைச் செய்திருப்பீர்களா என்று தொலைக்காட்சி நேர்காணலில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது. நேரான விடை வரவில்லை. மௌனமும் ஒரு விடைதான் என்று சிலர் எழுதினார்கள்.

என்னால் அத்தனை எளிதாகத் தீர்ப்பளிக்க இயலவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் குழந்தை ஒன்றின் சிகிச்சை உதவிக்காக ஓர் அலுவலக வாசலில் மூன்று நாட்கள் நின்றிருக்கிறேன். கையெழுத்துக் கிடைத்ததும் அந்த அதிகாரியை வள்ளல் என்று புகழ்ந்தேன். அவர் செய்தது அவருடைய கடமை மட்டுமே என்று இருவருக்கும் தெரியும். நாளையே மீண்டும் நிற்க நேர்ந்தால் மீண்டும் புகழ்வேன். ஆனால் என் புகழ்ச்சி அந்த அறையோடு முடிந்தது. அவருடையதோ கோடிக்கணக்கானவர்கள் பார்க்கும் திரையில் ஒலித்தது. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது, அது சிறிய வேறுபாடும் அல்ல.

நம்மில் பலர் அவரை முதலில் பார்த்தது 2003இல் வந்த 'குட்பை லெனின்' ஜெர்மானியப் படத்தில்தான். மயக்கநிலையிலிருந்து விழித்த தாய்க்கு அதிர்ச்சி ஆகாதென்று, மறைந்துபோன கிழக்கு ஜெர்மனி இன்னும் இருப்பதாக மகன் நாடகமாடுகிறான். அவன் காதலி லாரா, சோவியத் நாட்டிலிருந்து வந்த தாதி. அன்பால் சொல்லப்படும் பொய்யென்றாலும் பொய் வேண்டாம் என்று முகம் சுளிப்பவள் அவள். இறுதியில் மருத்துவமனைக் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அந்தத் தாயிடம் உண்மையைச் சொல்பவளும் அவளே. அந்த வேடத்தை ஏற்றவர் பின்னாளில் நோயுற்ற குழந்தைகளின் பொருட்டு என்னவெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது போர் தொடங்கியபோது ஹமாத்தவா வெளிநாட்டில் விடுமுறையில் இருந்தார். போருக்கு எதிரான வேண்டுகோளில் கையெழுத்திட்டார். அடுத்த மாதம், தாம் லாத்வியாவின் ரீகாவில் இருப்பதாகவும் திரும்பப் போவதில்லை என்றும் பத்திரிகையாளர் கத்தெரீனா கர்தேயெவாவுக்கு அளித்த நேர்காணலில் அறிவித்தார். திரும்ப வேண்டுமானால் ஒன்று போரே நடக்கவில்லை என்று சொல்ல வேண்டும், அல்லது அதை ஆதரிக்காததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம். பத்தாண்டுகளுக்கு முன் குழந்தைகளுக்காகப் பேசியவர், அந்தக் குழந்தைகளின் மருத்துவமனை இருக்கும் நகரத்தையே இப்போது விட்டுவிட்டார். அறக்கட்டளைப் பணி அவரின்றியும் தொடர்ந்தது.

அதே ஆண்டு புதிய ரீகா நாடக அரங்கில் அல்விஸ் ஹெர்மானிஸின் இயக்கத்தில் அவர் தனியாக நடித்த நாடகத்தின் பெயர் 'போஸ்ட் ஸ்கிரிப்டம்'. தஸ்தயேவ்ஸ்கியின் வாழ்நாளில் அச்சேறாத 'அசுரர்கள்' நாவலின் பாவமன்னிப்பு அத்தியாயமும், பத்திரிகையாளர் அன்னா பொலித்கோவ்ஸ்கயாவின் எழுத்துகளும் அதில் பின்னப்பட்டிருந்தன. பொலித்கோவ்ஸ்கயா மாஸ்கோவில் தம் குடியிருப்பின் மின்தூக்கியில் சுட்டுக்கொல்லப்பட்டது 2006 அக்டோபர் 7 அன்று. 'வாழ்வைப் பரிசளி' தொடங்கியதும் அந்த ஆண்டில்தான்.