நம் பிள்ளை ஓடுகிறாள். நாம் எங்கே நிற்பது?

தோட்டத்து மக்கள் தலைநகருக்குப் போவதற்கு இத்தனை நாளும் சில காரணங்களே இருந்தன. தைப்பூசத்துக்குப் பத்துமலை, கல்யாணச் சேலைக்கு மஸ்ஜித் இந்தியா சாலை, வைத்தியத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி. இப்போது புதிதாக ஒரு காரணம் சேர்ந்திருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் படித்து, வேலை தேடிக்கொண்டு, கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் கோலாலம்பூரிலும் குடியிருக்கிறார்கள். அவர்களில் சிலர் விடியற்காலையில் எழுந்து ஓடிப் பழகுகிறார்கள். ஒரு நாள் தொலைபேசியில் கூப்பிட்டு, "நான் அரை மாரத்தான் ஓடப் போகிறேன், எல்லாரும் பார்க்க வாருங்கள்" என்கிறார்கள்.

வாருங்கள் என்று சொல்வது சுலபம். போகிறவர்களுக்குத்தான் எங்கே போவது, எங்கே நிற்பது, ஆயிரக்கணக்கான பேரில் நம் பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கவலை. அந்தக் கவலை தீரவே இந்தக் கட்டுரை.

ஓட்டமும் தூரமும்

கோலாலம்பூரின் பெரிய மாரத்தான் 2009-ஆம் ஆண்டு தொடங்கியது. ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கியின் பெயரில் நடைபெறும் அந்த ஓட்டத்துக்கு மெர்டேக்கா சதுக்கமே பேர்பெற்ற களம். முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். அரை மாரத்தான் அதில் சரிபாதி, 21 கிலோமீட்டரும் 97 மீட்டரும் சொச்சமும். நம் பள்ளி விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் வட்டம் போடுகிறோமே, அதை ஏறக்குறைய 53 முறை சுற்றினால் இந்தத் தூரம் வரும். கேட்கும்போதே கால் வலிக்கிறதல்லவா?

ஓட்டம் நமக்குப் புதிதல்ல. 1966-இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் டாக்டர் ம. ஜெகதீசன் மூன்று தங்கம் வென்றார். அதே போட்டியில் ம. ராஜமணி 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். 1998-இல் கோலாலம்பூரிலேயே நடந்த காமன்வெல்த் போட்டியில், 50 கிலோமீட்டர் வேக நடையில் கோ. சரவணன் தங்கம் பெற்றார். ஆனால் அவர்கள் நாட்டுக்காக ஓடிய வீரர்கள். இன்று ஓடுகிறவள் தொழிற்சாலைக் கணக்கர், தாதி, கடைச் சிப்பந்தி. பரிசு கிடைக்காது என்று தெரிந்தே ஓடுகிறாள். முடித்தவர்களுக்கெல்லாம் ஒரு பதக்கம், அவ்வளவுதான்.

"கூலி எவ்வளவு?" என்று கேட்டார் என் தகப்பனார். என் அக்காள் மகள் ஓடப்போகும் செய்தி வந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி அது. கூலி இல்லை, நாம்தான் பணம் கட்ட வேண்டும் என்றேன். "காசு கொடுத்துக் கால் வலிக்க ஓடுவதா?" என்று சிரித்தார். முப்பது வருடம் பால்மரக் காட்டில் வாளி தூக்கி நடந்தவர் வேறெப்படிக் கேட்பார்? ஆனாலும் அன்று சாயங்காலமே, "நானும் வருகிறேன். ஒரு தரம் பார்த்தால் போதும்" என்றார். அவருக்கு முழங்கால் வலி. அதிக தூரம் நடக்க முடியாது. ஆகவே எங்கள் திட்டம் முழுவதும் அந்த ஒரு சொல்லைச் சுற்றியே அமைந்தது: ஒரு தரம்.

தங்குமிடம் பிரிக்ஃபீல்ட்ஸ்

ஓட்டம் இருட்டோடு தொடங்குகிறது. சதுக்கத்தைச் சுற்றியுள்ள சாலைகளை முன்னதாகவே அடைத்துவிடுவார்கள். கிள்ளானிலிருந்து அன்று காலை முதல் கொம்யூட்டர் ரயிலைப் பிடித்தாலும் பயணம் ஒரு மணி நேரத்துக்கு மேல்; தொடக்கத்தைப் பார்க்க முடியாது. ஆகையால் முதல் நாளே போய்த் தங்குவது உத்தமம்.

கிள்ளான் பாதை பழைய பாதை. 1886-இல் கோலாலம்பூருக்கும் புக்கிட் கூடாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. 1890-இல் ஆற்றின் மேல் பாலம் போட்டபின் கிள்ளான் நகருக்கே வந்தது. இன்று அதே தடத்தில் மின்சார ரயிலில் ஏறினால், மாறாமல் கே.எல். சென்ட்ரலில் இறங்கலாம். 2001-இல் திறந்த அந்தப் பெரிய நிலையத்தின் வாசலைத் தாண்டினால் பிரிக்ஃபீல்ட்ஸ்.

செங்கற்சூளைகள் இருந்ததால் வந்த பெயர் அது. 1880-களில் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்த கோலாலம்பூரைக் கல்லால் கட்டத் தொடங்கியபோது, இங்கே செங்கல் அறுத்தார்கள். பிறகு ரயில்வே பணிமனையும் குடியிருப்புகளும் வந்தன. இந்தியாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த ரயில்வே ஊழியர்கள் குடியேறினார்கள். இதன் பிரதான வீதி, தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துக் கூட்டுறவுச் சங்கம் கண்ட துன் சம்பந்தன் பெயரைத் தாங்கி நிற்கிறது. தோட்டத்திலிருந்து போகிறவர்களுக்கு அந்தப் பெயர்ப்பலகையே ஒரு வரவேற்பு.

சொந்தக்காரர் வீடு இல்லாதவர்களுக்குச் சிக்கனமான தங்கும் விடுதிகள் உண்டு. ஓட்ட வாரத்தில் நிறைந்துவிடும், ஆகவே முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நடைபாதையில் மஞ்சள் நிறத்தில் வரிவரியாகப் புடைத்த ஓடுகளைக் காண்பீர்கள். கண்பார்வையற்றோர் சங்கம் இந்த வட்டாரத்தில் இருப்பதால், அவர்கள் கோலூன்றி நடக்கும் வழி அது. அதன்மேல் பைகளை வைத்து நிற்காதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

ஒரு துண்டுக் காகிதக் கணக்கு

இரவு படுக்குமுன் பிள்ளையை உட்கார வைத்து நான்கு கேள்விகள் கேளுங்கள். எத்தனை மணிக்கு உன் கூட்டம் புறப்படும்? ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் எடுப்பாய்? என்ன நிறச் சட்டை, என்ன தொப்பி? சாலையின் எந்தப் பக்கமாக ஓடுவாய்?

எல்லாரையும் ஒரே நேரத்தில் விடமாட்டார்கள். கூட்டம் கூட்டமாகவே விடுவார்கள். உங்கள் பிள்ளை கோட்டைத் தாண்டும் நேரம் முதல் வெடிச் சத்தத்துக்குக் கால் மணி நேரம் பிந்தியும் இருக்கலாம். அங்கிருந்துதான் நம் கணக்கு. அவள் 6 மணிக்குப் புறப்பட்டு, கிலோமீட்டருக்கு 7 நிமிடம் எடுத்தால், 5-ஆவது கிலோமீட்டர் 6.35-க்கு, 10-ஆவது 7.10-க்கு, 15-ஆவது 7.45-க்கு, முடிவு ஏறக்குறைய 8.28-க்கு. கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்றால் முடிவு 8.49 ஆகும். ஐந்தாம் வகுப்புப் பெருக்கல்தான். எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பாதியில் கணக்கு ஒத்துப்போகும். பின்பாதியில் கால் தளரும், வெயில் ஏறும். ஆகவே கடைசி இடத்தில் பத்து நிமிடம் முன்னதாக நிற்கத் தொடங்கி, இருபது நிமிடம் பிந்தினாலும் கலங்காமல் நில்லுங்கள். சில ஓட்டங்களில் எண் அட்டையில் உள்ள சில்லைக் கொண்டு, ஓடுகிறவர் எங்கே இருக்கிறார் என்பதைக் கைப்பேசியில் காட்டும் வசதியும் உண்டு.

எங்கே நிற்பது?

பாதை ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஏற்பாட்டாளர் வெளியிடும் வரைபடத்தைப் பிள்ளையிடம் கேட்டு வாங்கி, பாதையோடு ரயில் நிலையம் எங்கெல்லாம் சேர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சாலை அடைத்திருக்கும்போது ரயிலே நமக்குக் கால். வாடகைக் கார்க்காரர் பாதி வழியில் இறக்கிவிடுவார். மேம்பாலச் சாலையில் ஓட்டம் போகிற பகுதியை விட்டுவிடுங்கள்; அங்கே பார்வையாளர் நிற்க வழியில்லை.

தொடக்க இடத்தில் நிற்பது கண்ணுக்கு அழகு. 1957 ஆகஸ்ட் 30 நள்ளிரவில் வெள்ளைக்காரன் கொடி இறங்கி நம் கொடி ஏறிய திடல் அது. எதிரே 1897-இல் கட்டி முடித்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் மணிக்கூண்டு. பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய இடந்தான். ஆனால் இருட்டிலும் நெரிசலிலும் உங்கள் பிள்ளையைக் காண்பது அரிது.

முடிவுக் கோட்டிலும் அதே கதை. தடுப்பு வேலி, கூட்டம், ஒலிபெருக்கி. படம் எடுக்க நல்ல இடம். ஆனால் கோட்டைக் கண்டுவிட்ட பிள்ளைக்கு அங்கே யாருடைய குரலும் தேவையில்லை. அதற்கு ஒரு கிலோமீட்டர் முன்னால்தான் அவளுக்கு நாம் தேவை. 20-ஆவது கிலோமீட்டரில் கூட்டம் குறைவு, களைப்பு அதிகம். ஓடுகிறவர் பலர் நடக்கத் தொடங்குவதும் அங்கேதான். நடமாட முடிந்தவர்கள் பாதியில் ஒரு தரம், கடைசியில் ஒரு தரம் என இரண்டு இடம் வைத்துக்கொள்ளுங்கள். முதியவரோடு போகிறவர்கள் அந்த 20-ஆவது கிலோமீட்டரையே பிடியுங்கள்.

நாங்கள் அப்படித்தான் செய்தோம். கே.எல். சென்ட்ரலில் எல்.ஆர்.டி. ஏறி, இரண்டாவது நிலையமான மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்கி, அப்பாவை மெல்ல நடத்திக் கூட்டிப்போய் ஒரு திருப்பத்தில் நின்றோம். எங்கள் கணக்குப்படி 8.40-க்கு அவள் வர வேண்டும். மடக்கு நாற்காலியில் உட்காரச் சொன்னேன், அப்பா கேட்கவில்லை. 8.40 ஆயிற்று. 8.45 ஆயிற்று. அக்காள் மாரியம்மனைக் கூப்பிடத் தொடங்கிவிட்டாள். 8.50-க்கும் ஆளில்லை.

8.53-க்கு வந்தாள். ஓடி வரவில்லை, ஒரு காலை இழுத்தபடி, தலையைக் குனிந்து நடந்து வந்தாள். எங்களைப் பார்க்கவே இல்லை. அப்பா இரண்டு கையையும் வாயருகே குவித்து, "பாப்பா... ஓய்!" என்று ஒரு குரல் கொடுத்தார். பால்மரக் காட்டில் பத்து நிரைக்கு அப்பால் இருப்பவரைக் கூப்பிடும் குரல் அது. அந்தக் குரலை நானே இருபது வருடமாகக் கேட்டதில்லை. நிமிர்ந்து பார்த்தாள். "தாத்தா!" என்றாள். பிறகு ஓடினாள்.

கால் பிடித்துக்கொண்டதால் ஓரமாக உட்கார்ந்துவிடலாம் என்று அந்தத் திருப்பத்துக்குச் சற்று முன்னால்தான் நினைத்தாளாம். உட்கார்ந்திருந்தால் எழுந்திருக்க மாட்டேன் மாமா என்று பின்னால் சொன்னாள்.

எப்படி நிற்பது?

சத்தம் போடுங்கள், வெட்கப்படாதீர்கள். "ஓடு ஓடு" என்பதைவிடப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதே காதில் விழும். வீட்டில் கூப்பிடும் பெயராக இருந்தால் இன்னும் நல்லது. மற்றவர் பிள்ளைகளுக்கும் கைதட்டுங்கள். சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாருக்கும் அந்த நேரத்தில் ஒரே களைப்புத்தான்.

பாதைக்குள் இறங்காதீர்கள், குறுக்கே கடக்காதீர்கள். பின்னால் வருகிறவர் முட்டி விழுவார். பாசத்தால் இட்லியை நீட்ட வேண்டாம். தண்ணீர் கொடுக்க வழியெங்கும் ஆட்கள் இருப்பார்கள். மடக்கு நாற்காலி, தண்ணீர், மழைச்சட்டை, முதியவர் மாத்திரை, பிள்ளைகளுக்குப் பிஸ்கட் ஆகியவை கையில் இருக்கட்டும். கழிப்பறை எங்கே என்று நிலையத்திலேயே பார்த்து வையுங்கள். முதல் ரயில் நேரத்தையும் முந்தின நாளே விசாரியுங்கள்.

புகைமூட்டக் காலமாக இருந்தால் ஓட்டமே நின்றுபோகலாம். 2015-இல் அப்படித்தான் புகையால் ரத்தானது. ஆகவே புறப்படுமுன் செய்தியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிந்த பிறகு

சந்திக்கும் இடத்தை முதல் நாளே பேசி வைப்பது அவசியம். நெரிசலில் கைப்பேசியை நம்ப முடியாது. கொடிக்கம்பத்தடியில் என்று ஊரே சொல்லும். அங்கே யாரும் யாரையும் காண முடியாது. திடலின் வடகோடியில் உள்ள செயின்ட் மேரி தேவாலயப் பக்கம் போன்ற, சற்று ஒதுங்கிய அடையாளமாகச் சொல்லுங்கள். தவறினால் பிரிக்ஃபீல்ட்ஸ் விடுதி வாசல் என்று இரண்டாவது இடமும் இருக்கட்டும்.

ஓடி முடித்த பிள்ளையை உடனே உட்கார வைக்காதீர்கள். கொஞ்சம் நடக்கட்டும், மடக்கு மடக்காகத் தண்ணீர் குடிக்கட்டும், ஈரச் சட்டையை மாற்றட்டும். மயக்கம், வாந்தி என்றால் அங்கேயே மருத்துவக் கூடாரம் இருக்கும். கைவைத்தியம் பார்க்க வேண்டாம். அதன்பின் பிரிக்ஃபீல்ட்ஸ் போய்ப் பசியாறலாம். அன்று தோசைக் கணக்கை யாரும் எண்ணக் கூடாது.

பிள்ளைகள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள், இனி நாம் அவர்களுக்கு என்ன செய்ய முடியும் என்று தோட்டத்துப் பெரியவர்கள் அடிக்கடி சொல்லக் கேட்கிறேன். அவர்களோடு சேர்ந்து ஓட நம்மால் முடியாது. அவர்கள் ஓடும் பாதையும் நமக்குப் பழக்கமில்லை. ஆனால் களைத்து வரும் இடம் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அங்கே நேரத்தோடு போய் நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட நம்மால் முடியும். பயணச் செலவு ஆளுக்குச் சில வெள்ளிதான். அடுத்த முறை உங்கள் வீட்டுப் பிள்ளை "வாருங்கள்" என்று கூப்பிட்டால் தயங்காமல் கிளம்புங்கள்.