நூதனசாலை வாயிலில்

நகரத்தைச் சுற்றிப் பார்க்கச் செல்வோர் பெரும்பாலும் கட்டடங்களைக் கண்டு திரும்புகின்றனர். அவற்றைக் கட்டியவர் எவர், அவற்றின் அயலில் உழைத்து வாழ்பவர் எவர் என்னும் வினாக்களுக்குப் பயணத் திட்டத்தில் நேரம் ஒதுக்கப்படுவதில்லை. நாமும் அத்தகைய திட்டமொன்றையே வரைந்து எடுத்துக்கொண்டு, 2023 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்து வார இறுதியொன்றில் பத்தாம் வகுப்பு மாணவருடன் ஹற்றன் பகுதியிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்டோம். எம்முடன் ஆசிரியை ஒருவரும் வந்தார்.

விடியுமுன் புறப்பட்ட பஸ் கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை வழியாக இறங்கியது. தேயிலை மறைந்து இறப்பர் தோன்றிற்று. குளிர் நீங்கி வியர்வை வந்தது. பிள்ளைகளிற் பலர் கடலை அதற்கு முன் கண்டவரல்லர். மலையகத்து மக்கள் இந்நாட்டின் தோட்டங்களுக்கு வந்து 200 ஆண்டுகளாகின்றன என்பதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடைபயணம் செய்த காலம் அது. அவர்களுடைய பூட்டப்பிள்ளைகள் கடலைக் காணக் கடன் வாங்கிய பணத்துடன் வந்திருந்தனர். தோட்டத்தில் அன்று ஒரு நாட் கூலி 1000 ரூபா. ஒரு பிள்ளையின் பயணச் செலவு அத்தாயின் எத்தனை நாள் உழைப்பு என்பதைக் கணக்கிட்டு அறியக் கணித ஆசிரியர் தேவையில்லை.

முதல் நாள் புறக்கோட்டையில் கழிந்தது. செந்நிறமும் வெண்ணிறமும் வரிவரியாய் அமைந்த ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசலைப் பிள்ளைகள் வாய் பிளந்து நோக்கினர். தெருவிலோ மூட்டை சுமக்கும் நாட்டாமைகள் வழிவிடுமாறு கூவிக்கொண்டு சென்றனர். அடுத்துத் தாமரைக் கோபுரம். ஏறத்தாழ 350 மீற்றர் உயரம். 2022 ஏப்ரலில் இந்நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் இக்கோபுரம் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. மேலே ஏறுவதற்கான கட்டணம் எமது பிள்ளைகளின் கைக்கு எட்டாததாயிருந்தமையால் கீழே நின்று அண்ணாந்து பார்த்தோம். இரவு கொட்டாஞ்சேனைப் பாடசாலையொன்றின் மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்தோம்.

மறுநாள் நண்பகலில் பஸ் கறுவாத்தோட்டத்து வீதிகளுள் நுழைந்தது. உயர்ந்த மதில்கள், பூட்டிய படலைகள், நிழல் தரும் பெருமரங்கள். முன் இருக்கையில் இருந்த மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி எம்மிடம் வந்தாள்.

"சேர், அக்கா இங்கனதான் வேல செய்யுது. மியூசியத்துக்குக் கிட்டன்னு சொன்னிச்சு. ஒருக்கா வரச் சொல்லட்டுமா?"

அவளுடைய அக்காவை நாம் நன்கறிவோம். எமது வகுப்பில் தமிழ் பயின்றவள்; சாதாரண தரப் பரீட்சையில் தமிழுக்கு அதிசிறப்புச் சித்தி பெற்றவள். பெறுபேறு வந்த சில மாதங்களில் அவள் பாடசாலைக்கு வருவது நின்றது. நாம் லயத்துக்குச் சென்று தந்தையாரைக் கண்டு பேசினோம். "தாய்க்காரிக்குக் கை முடியாமப் போச்சுங்க சேர். கடன் இருக்கு. ஒரு வருஷம் போய்ட்டு வரட்டும்" என்றார் அவர். ஒரு வருடம் கழிந்த பின் அவரிடம் மீண்டும் சென்று கேட்டிருக்க வேண்டும். நாம் செல்லவில்லை. வேறு பிள்ளைகள், வேறு வகுப்புகள் என்று எமக்கு நாமே காரணம் கூறிக்கொண்டோம்.

ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1877 இல் திறக்கப்பட்டது கொழும்பு நூதனசாலை. முற்றத்தில் அவருடைய சிலை நிற்கின்றது. அதற்கு அப்பால் வாயிலில், கையில் ஒரு சிறு பையுடன் அவள் நின்றாள். தங்கை ஓடிச் சென்று கட்டிக்கொண்டாள். எம்மைக் கண்டதும் அவள் பழைய வகுப்பறைப் பழக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டது எம்மைச் சுட்டது.

"நோனா நாலு மணிக்குள்ள வரச் சொன்னாங்க சேர்."

"இதற்கு முன் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறாயா, அம்மா?"

"வாசலால எத்தனையோ தடவ போயிருக்கேன். நோனாவோட பிள்ளைய டியூசனுக்குக் கூட்டிட்டுப் போற வழி இதான். உள்ள வந்ததில்ல சேர்."

இரண்டு ஆண்டுகள் அவள் அவ்வாயிலைக் கடந்து நடந்திருக்கிறாள். அவளுக்கும் ஒரு நுழைவுச் சீட்டு வாங்கினோம்.

பிள்ளைகள் கண்டி மன்னரின் அரியணையைச் சூழ்ந்துகொண்டனர். ஒல்லாந்தர் 1693 இல் பரிசளித்து, ஆங்கிலேயர் கவர்ந்து சென்று, 1934 இல் திரும்பி வந்த ஆசனம் அது. அவளோ அங்கு நெடுநேரம் நிற்கவில்லை. காலியிற் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டின் முன்னேதான் அவள் கால்கள் நின்றன.

சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணத்தோடு தொடர்புடைய கல் அது. 1409 ஆம் ஆண்டைக் குறிப்பது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயனாராகிய திருமாலுக்கும், பாரசீகத்தில் இஸ்லாமியர் வழிபடும் இறைவனுக்கும் காணிக்கைகள் கூறப்பட்டுள்ளன. பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என ஏறக்குறைய ஒரே வகையான காணிக்கைகள். இத்தகைய கல்லை 1911 இல் கண்டெடுத்தபோது, அது காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது. எவரோ அதன் மேல் நடந்திருக்கின்றனர். எழுத்தை எவரும் தேடவில்லை.

இவற்றை நாம் விளக்கிக்கொண்டிருக்க, அவள் குனிந்து தேய்ந்த வரிகளைத் துருவினாள். "இது 'ன' தானே சேர்? இங்க 'ம' மாதிரி இருக்கு" என்றாள். தங்கைக்கும் சுட்டிக் காட்டினாள். வகுப்பறையில் நாம் கண்ட அதே முகம். பின்பு எம்மை நோக்காமலே கேட்டாள்:

"ஏ.எல். வெளிய இருந்து எழுதலாமா சேர்?"

"எழுதலாம்" என்றோம். தனியார் பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்கும் முறையைக் கூறினோம். எப்பொழுது படிப்பாய் என்று கேட்டோம். இரவு பத்து மணிக்குப் பின் பாத்திரம் கழுவி முடியும் என்றாள். காலை ஐந்து மணிக்கு எழ வேண்டும் என்றாள். நான்கு மணிக்குச் சில நிமிடங்கள் இருக்க, தங்கையிடம் பையைக் கொடுத்துவிட்டு விரைந்து சென்றாள். பையினுள் தாய்க்கு ஒரு சேலையும் மருந்தும் இருந்தன.

மாலையில் காலிமுகத்திடலில் பிள்ளைகள் அலையோடு ஓடி விளையாடினர். 1956 ஜூனில் மொழியுரிமைக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தோர் தாக்கப்பட்டதும், 2022 இல் மாதக்கணக்காக மக்கள் கூடாரமடித்துப் போராடியதும் இதே திடலில்தான். இங்குள்ள உலாப் பாதையை 1859 இல் முடித்த ஆளுநர் ஹென்றி வாட், அதனைக் கொழும்பு மாதர், சிறுவர் நலனுக்காகப் பேணுமாறு தமக்குப் பின்வருவோரைக் கேட்டுக் கல்லில் பொறித்து வைத்தார். கடலை நிரவி எழும் துறைமுக நகரத்தைக் காட்டினோம். ஒரு சிறுவன் அதைப் பார்க்காமல் தொலைவிற் சென்ற கப்பலைச் சுட்டி, "நம்ம தோட்டத்துத் தேயில அதுல போகுதா சேர்?" என்றான். போகலாம் என்றோம். அம்மாணவி மட்டும் பையை மடியில் வைத்துக்கொண்டு கரையில் இருந்தாள்.

ஊர் திரும்பிய வாரம் நாம் அந்த லயத்துக்கு மீண்டும் சென்றோம். தந்தையார் எம்மை உட்காரச் சொன்னார். கடன் இன்னும் தீரவில்லை என்றார். பழைய வினாத்தாள்களையும் குறிப்புகளையும் தங்கை மூலம் அனுப்பிவைத்தோம். அவள் இன்னும் பரீட்சை எழுதவில்லை. விண்ணப்பக் காலங்கள் வந்து வந்து கழிகின்றன. படிப்பதாகத் தங்கையிடம் சொல்லுகிறாளாம்.

ஆசிரிய நண்பர்களே, சுற்றுலாவுக்கு நாம் ஆண்டுதோறும் பெயர்ப் பட்டியல் எழுதுகிறோம். அதனோடு இப்பொழுது இன்னொன்றும் எழுதுகிறோம்: வகுப்பிலிருந்து நின்றுபோனவர் எவர், அவர் எந்நகரில் எவ்வீட்டில், எக்கடையில் இருக்கிறார், அவர் வீட்டுக்கு நாம் இரண்டாம் முறை சென்றோமா என்று. அதற்கு ஒரு தாள் போதவில்லை. அடுத்த முறை கொழும்புக்குச் செல்லும்போது, அத்தாளில் உள்ளோரையும் நூதனசாலை வாயிலுக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.