17,000 கிலோமீட்டரில் மொட்டையான டயர்



ஆடி மாதம் நம் குடும்பக் குழுவில் அக்கா மகன் ஒரு டயர் படம் போட்டிருந்தான். அதற்குக் கீழே ஆளாளுக்கு வைத்தியம் சொன்னதை உறவினர்கள் பார்த்திருப்பீர்கள். "நைட்ரஜன் அடி", "கம்பெனியை மாத்து", "இந்த மாதிரி காரே வாங்கியிருக்கக் கூடாது". கடைசி யோசனை என் தம்பியுடையது, அவர் இன்னும் ஸ்கூட்டர்தான் ஓட்டுகிறார். கட்டைவிரலால் தட்டித் தீர்கிற விஷயம் இல்லை என்பதால் நான் அங்கே ஒன்றும் எழுதவில்லை. தீபாவளிக்கு உங்களில் பலர் ஐப்பசி மழையில் காரை எடுத்துக்கொண்டு ஊருக்கு வரப்போகிறீர்கள். அதனால் இப்போது எழுதுகிறேன்.

அவனுடையது டர்போ பெட்ரோல் கார். 18 அங்குல அலாய், டயர் அளவு 225/40 ஆர் 18. பெங்களூரில் வேலை. மாதம் இரண்டு தடவை மனைவியையும் இரண்டு வயதுக் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு கோவை வருவான். 17,000 கிலோமீட்டரில் முன் டயர்கள் இரண்டும் போய்விட்டன. சாதாரண கார் வைத்திருக்கும் அவன் நண்பர்களுக்கு 40,000 தாண்டி ஓடுகிறதாம். வண்டி விட்ட சர்வீஸ் சென்டரில், "ஸ்போர்ட்டி கார்னா அப்படித்தான் சார், நாலையும் மாத்திடுங்க" என்றார்கள். ஒரு டயர் பதினைந்தாயிரத்துக்கு மேல். இவனுக்கோ கோபம். "மாமா, இருக்கறதுலயே கெட்டியா, ரொம்ப நாள் உழைக்கிற டயரா, விலை கம்மியா ஒண்ணு போட்டுடலாம்னு இருக்கேன்" என்று போனில் சொன்னான். எனக்குத் தொப்பூர் கணவாய் கண்முன் வந்தது. அந்த இறக்கத்தில், மழையில், முன்னால் ஒரு லாரி திடீரென்று நின்றால் அந்தக் குழந்தையைக் காப்பது ரப்பரின் பிடிமானம்தான். "நீ வண்டியை இங்கே கொண்டு வா, அதுவரை ஒன்றும் வாங்காதே" என்றேன்.

சர்வீஸ் சென்டர் சொன்னதில் பாதி உண்மை. இந்த வகைக் கார்களுக்குத் தொழிற்சாலையிலேயே மென்மையான ரப்பர் கலவையில் செய்த டயரைத்தான் போட்டு அனுப்புகிறார்கள். என்னிடம் இயற்பியல் படித்தவர்களுக்கு உராய்வு விதி நினைவிருக்கும்: உராய்வு விசை தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல. மரக்கட்டைக்கும் இரும்புக்கும் அது சரி. ரப்பர் அந்த விதிக்குக் கட்டுப்படாது. சாலையின் பொடிப்பொடி மேடு பள்ளங்களுக்குள் அழுந்தி, பற்றி, பிய்த்துக்கொண்டு வெளியே வரும். அந்தப் பிடிக்குக் கொடுக்கும் விலைதான் தேய்மானம். முன் சக்கர இழுவை உள்ள வண்டியில் வேலைப் பங்கீடும் நியாயமாக இருக்காது. இன்ஜின் பாரம், இழுப்பது, திரும்புவது, பிரேக்கில் பெரும்பங்கு எல்லாம் முன் டயர்கள் தலையில். பின் டயர்கள் கூடவே உருண்டு வரும், அவ்வளவுதான். ஆகவே 8,000 அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை முன்னதைப் பின்னும் பின்னதை முன்னும் மாற்றிப் போட வேண்டும். இவன் வண்டியில் ஒரு தடவைகூட அது நடக்கவில்லை.

ஆனால் இதெல்லாம் சேர்ந்தும் 17,000 என்பது எனக்கு இடித்தது. திருச்சி சாலையில் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவரிடம் போனோம். பத்தாம் வகுப்பில் என் கேள்விகளுக்குப் பெரும்பாலும் தலையைச் சொறிந்தவர். அன்று அவர் கேட்ட கேள்விகளுக்கு நாங்கள் சொறிந்தோம். வண்டியை ஏற்றுவதற்கு முன்பே ஸ்டியரிங்கை முழுவதுமாக ஒடிக்கச் சொல்லி, முன் டயரின் உள்விளிம்பைக் காட்டினார். வெளிப்பக்கம் பட்டன் இன்னும் 4 மில்லிமீட்டர் நிற்கிறது. உள்பக்கம் உள்ளங்கை போல வழவழப்பு. நின்றபடி பார்க்கிறவன் கண்ணுக்கு டயர் சுமாராகத்தான் தெரியும், ஆபத்து உள்ளே இருக்கிறது. பிறகு, "சார், குறுக்கே தடவிப் பாருங்க" என்றார். ஒரு திசையில் கை வழுக்கிக்கொண்டு போனது, எதிர்த்திசையில் ரம்பப் பல்லாக உறுத்தியது. நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம், இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் தேய்ந்து இப்படி ரம்பமாக உறுத்தினால் சக்கரம் நேராக உருளவில்லை என்று பொருள்.

மெஷினில் ஏற்றியதும் அதுவே வந்தது. முன் சக்கரம் ஒவ்வொன்றும் சுமார் 0.2 டிகிரி வெளிப்பக்கம் திரும்பி நின்றது. பாதங்களை வெளிப்பக்கம் விரித்து நடப்போமே, அதுபோல. 0.2 டிகிரி என்ன பெரிய கோணம் என்று அக்கா மகன் கேட்டான். ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 0.2 டிகிரியின் சைன் மதிப்பு 0.0035. அப்படியானால் வண்டி ஒரு கிலோமீட்டர் போகும்போது டயர் மூன்றரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு 35 கிலோமீட்டர். கிட்டத்தட்ட கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை டயரைக் குறுக்குவாட்டில் தேய்த்துக்கொண்டே போன மாதிரி. அப்புறம் ரப்பர் எங்கே மிஞ்சும்?

இதற்குக் காரணம் ஏதோ ஒரு பள்ளமோ, அடையாளக் கோடு இல்லாத வேகத்தடையோ. 225/40 என்றால் டயரின் பக்கச்சுவர் உயரம் அகலத்தில் 40 சதவீதம், அதாவது 90 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட நாலு விரல் உயரம்தான். சாதாரண டயர் தானே வாங்கிக்கொள்ளும் அடியை இது நேராக ஸ்டியரிங் தடிக்கும் சஸ்பென்ஷனுக்கும் கொடுத்துவிடும். இவன் வண்டியில் ஒரு ஸ்டியரிங் தடி முனை ஆட்டம் கண்டிருந்தது. இரண்டு மாதம் முன்பு சர்வீஸில் அலைன்மென்ட் பார்த்ததாகப் பில் இருக்கிறது. சரிசெய்வதற்கு முந்தைய அளவும் பிந்தைய அளவும் உள்ள தாள் மட்டும் கொடுக்கவில்லை. அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்கினால் அடுத்த தடவை வேறு கடை.

அந்தத் தடி முனையை மாற்றாமல், அலைன்மென்ட் சரிசெய்யாமல், அவன் நினைத்தபடி கெட்டியான டயரைப் போட்டிருந்தால் அதுவும் உள்விளிம்பில் தேய்ந்திருக்கும், கொஞ்சம் மெதுவாக. மழையில் பிடிமானமும் குறைந்திருக்கும்.

இனி எதை வாங்குவது? டயரின் பக்கச்சுவரில் அளவுக்குப் பக்கத்தில் 92 ஒய் என்று இருக்கும். 92 என்பது ஒரு டயர் தாங்கும் எடையின் குறியீடு, 630 கிலோ. ஒய் என்றால் மணிக்கு 300 கிலோமீட்டர் வரை தாங்கும், டபிள்யூ என்றால் 270. கம்பெனி சொன்னதற்குக் கீழே இந்த இரண்டிலும் இறங்காதீர்கள். "நான் 120-க்கு மேல போறதில்லையே சார்" என்பீர்கள். அந்த எழுத்து வெறும் வேகக் கணக்கு அல்ல, டயர் சூட்டை எவ்வளவு தாங்குகிறது என்பதும் அதில் அடக்கம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் நாலு பேரும் சாமானுமாகப் போகிறவனுக்கு அது தேவை.

சில டயர்களில் டிரெட்வேர் என்ற எண்ணும் இருக்கும். ஸ்போர்ட்ஸ் டயர்களில் 300 பக்கமோ அதற்குக் கீழோ, நெடுந்தூரப் பயண டயர்களில் 400, 500. எண் கூடினால் ஆயுள் கூடும். ஆனால் அந்தந்தக் கம்பெனி தானே சோதித்துப் போட்டுக்கொள்ளும் மதிப்பெண் அது, வேறு வேறு பள்ளிக்கூடத்து மார்க்கை ஒப்பிடுகிற மாதிரி எச்சரிக்கையாகப் பார்க்க வேண்டும். அக்கா மகன் செட்டிபாளையம் பந்தயப் பாதையில் ஓட்டப்போவதில்லை. நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகிறவன். அதனால் எடைக் குறியீடும் வேக எழுத்தும் குறையாத, ஈரச் சாலையில் நல்ல பெயர் எடுத்த பயண டயர் போதும் என்று சொன்னேன். ஐரோப்பாவில் விற்கும் டயர்களில் ஈரப்பிடிப்புக்கு ஏ முதல் இ வரை தரம் போட்டு முத்திரை ஒட்டுகிறார்கள். நாம் பார்க்கிற மாடல் அங்கேயும் விற்றால் அந்த எழுத்தைத் தேடிப் பார்க்கலாம்.

வாங்கும்போது பக்கச்சுவரில் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. தள்ளுபடி விலை என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கடைசியில் ஒரு வாக்குவாதம். பின் டயர்கள் 5 மில்லிமீட்டர் நன்றாகவே இருந்தன, அதனால் இரண்டு மட்டும் புதிதாக வாங்கினோம். "முன் சக்கரம்தானே மாமா வண்டியை இழுக்குது, புதுசை முன்னாடிதானே போடணும்?" என்றான். டயர் கடைப் பையனும் அவன் கட்சி. நான் பின்னால்தான் என்று பிடிவாதமாக நின்றேன். தேங்கிய தண்ணீரில் முன் டயர் மிதந்தால் வண்டி நேராகப் போகப் பார்க்கும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடிக்குள் வந்துவிடும். பின் டயர் மிதந்தால் வண்டி வாலைச் சுழற்றிவிடும். அதை அடக்கப் பந்தய ஓட்டுநருக்கே கஷ்டம். பட்டன் ஆழமாக உள்ளது பின்னால் இருக்க வேண்டும். பையன் முணுமுணுத்துக்கொண்டே மாட்டினான்.

சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம், பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடு அந்த அளவைக் காட்டும். மழைக்காலத்தில் நான் 3-லேயே மாற்றச் சொல்வேன்.

அதன்பிறகு அவன் 5,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டான். போன ஞாயிற்றுக்கிழமை ஆழம் பார்க்கும் அளவுகோலை வைத்து அளந்து படம் அனுப்பினான். நாலு டயரிலும் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் ஒரே அளவு.

தீபாவளிக்குக் கிளம்பும் முன் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, உள்விளிம்பு தெரியும்படி டார்ச் அடித்துப் படம் எடுங்கள். சந்தேகம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள், நாலு டயருக்கும் தனித்தனிப் படம். வெளிப்பக்கத்தை மட்டும் எடுத்து அனுப்பினால் பார்க்க மாட்டேன்.