இடுப்புல இறங்குது இமயமலை!

ஸ்னோபோர்டு தெரியும்தானே? ரெண்டு காலையும் ஒரே பலகையில கட்டிக்கிட்டு, பனிச் சரிவுல சொய்ங்ங்னு இறங்குற விளையாட்டு. வீடியோவுல பார்த்தா ஜிவ்வுனு இருக்கும். 'செமஸ்டர் லீவுல போறோம்... கலக்குறோம்'னு நாங்க நாலு பேர் ஜனவரியில குல்மார்க் கிளம்பினதும் அதைப் பார்த்துத்தான். போன இடத்துல நாங்க கத்துக்கிட்டதுல பாதி, ஒரே ஒரு பேன்ட்டைப் பத்தி!

குல்மார்க் காஷ்மீர்ல, ஸ்ரீநகர்ல இருந்து சுமார் 50 கிலோமீட்டர். நம்ம தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். அங்கே புல்வெளியே ஏறத்தாழ அந்த உயரத்துலதான் ஆரம்பிக்குது! அதுக்கு மேல கோண்டோலா ரோப்கார்ல ஏறினா முதல்ல கோங்தூரி. அப்புறம் அஃபர்வாட் மலைத் தோள், கிட்டத்தட்ட 4,000 மீட்டர். டிசம்பர் 21-ல ஆரம்பிக்கிற 40 நாள் கடுங்குளிருக்கு 'சில்லை கலான்'னு பேர். 2024 ஜனவரியில பனியே விழாம ஊரே கவலையில இருந்துச்சாம். நாங்க போன ராத்திரி கொட்டோ கொட்டுனு கொட்டிடுச்சு. காலையில பார்த்தா முழங்கால் ஆழத்துக்கு, கோலமாவு மாதிரி பனி. இதைத்தான் 'பவுடர்'னு சொல்லி உலகம் முழுக்க இருந்து தேடி வர்றாங்க.

இப்போ நம்ம டிரெஸ்ஸைப் பாருங்க. கீழே தங்மார்க்லயே நீள கோட்டும் கம்பூட்ஸும் வாடகைக்குத் தர்றாங்க. பனியில நின்னு போட்டோ எடுக்க அது போதும். பனியில விழுறதுக்குப் போதாது! நான் ஜீன்ஸ் மேல, 'பக்கா வாட்டர்ப்ரூஃப்'னு ஒரு கடையில சத்தியம் பண்ணிக் கொடுத்த பேன்ட்டை மாட்டிக்கிட்டேன். இடுப்பு வரைக்கும்தான் இருந்துச்சு. உள்பக்கம் பூச்சு உரிஞ்சு, பழைய ரெக்ஸின் சீட் மாதிரி. அதை நான் கவனிச்சது சாயங்காலம்தான்.

முதல் சரிவுலயே தலைகுப்புற விழுந்தேன். எழுந்திருக்கக் கையை ஊன்றினா, கை தோள் வரைக்கும் உள்ளே போகுது. ஆழப் பனியில ஊன்றுறதுக்குத் தரையே கிடையாதுங்க! புரண்டு உருண்டதுல ஜாக்கெட் மேல ஏறிடுச்சு, பேன்ட் கீழே இறங்கிடுச்சு. நடுவுல நாலு விரல் இடைவெளி. அது வழியா அரைக் கிலோ பனி ஜாலியா உள்ளே போய் செட்டில் ஆயிடுச்சு. அடுத்த பத்து நிமிஷத்துல எல்லாம் உருகித் தண்ணி. ஒரு மணி நேரத்துல தொடை மரத்துப்போச்சு. பல்லு டைப் அடிக்குது, பூட்ஸ் ஸ்ட்ராப்பை மாட்ட விரல் வளையலை. அப்பதான் நிஜமாவே பயம் வந்துச்சு. காத்தை விடத் தண்ணி 20 மடங்குக்கும் மேல வெப்பத்தைக் கடத்தும்னு எக்ஸாம்ல எழுதி மார்க் வாங்கினவன் நான். ஈர ஜீன்ஸுக்குள்ள நின்னப்பதான் அது புரிஞ்சுது.

காஷ்மீரி கோச் அண்ணன் என்னைப் பார்த்ததும் வகுப்பை நிறுத்திட்டார். புகாரி அடுப்பு பக்கத்துல உட்காரவெச்சு, கஹ்வா கொடுத்து, இந்தியில அவர் சொன்னது இதுதான்: "பனி கால்ல இருந்து ஏறாது தம்பி, இடுப்புல இருந்துதான் இறங்கும்!"

மறுநாள் அவரோட பழைய பிப் பேன்ட்டைக் கொடுத்தார். பிப்னா வேற ஒண்ணும் இல்லை, சின்னப் பசங்க போடுற டங்கரீஸ் கணக்கா மார்பு வரைக்கும் ஏறி, தோள்ல பட்டை மாட்டுற பேன்ட். ஜாக்கெட் எவ்வளவு ஏறினாலும் உள்ளே பிப் இருக்கு. பனிக்கு கேட் க்ளோஸ்! அடியில எலாஸ்டிக் வெச்ச உள்பட்டை ஒண்ணு பூட்ஸைக் கவ்விப் பிடிச்சுக்குது. அந்த வழியும் அடைச்சாச்சு.

வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ போனீங்கன்னா உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. தையல் மேல டேப் ஒட்டியிருக்கணும். ஊசி போன ஓட்டை ஒவ்வொண்ணும் தண்ணிக்கு வாசல்தான். அப்புறம் 10,000, 20,000னு ஒரு நம்பர் இருக்கும். 10,000 மி.மீ.னா, துணி மேல 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணி நின்னா வர்ற அழுத்தத்தைத் தாங்கும்னு அர்த்தம். 'நான் என்ன கிணத்துக்குள்ளயா இறங்கப்போறேன்?'னு கேட்காதீங்க. 60 கிலோ ஆள் முட்டி போட்டா, ரெண்டு முட்டியும் சேர்ந்து 100 சதுர செ.மீ.ல நிக்குதுன்னு வைங்க... 6 மீட்டர் தண்ணிக்குச் சமமான அழுத்தம்! ஸ்னோபோர்டு ஆளுங்க பலகையை மாட்டவே அடிக்கடி பனியில உட்காருவாங்க, முட்டி போடுவாங்க. அதனால ஆழப் பனிக்கு 20,000 பக்கம் போறது நல்லது.

வெளித்தண்ணி வரக் கூடாது, உள்ளே வேர்வை ஆவி மட்டும் போகணும். 1969-ல பாப் கோர் டெஃப்லானை வெடுக்குனு இழுத்தப்போ, கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளோட ஒரு சவ்வு கிடைச்சுது. கோர்டெக்ஸ் பிறந்தது அப்படித்தான். நம்ம வீட்டு நான்ஸ்டிக் தவாவோட சொந்தக்காரன்! ஆனா, ஆழப் பனியில நடந்து ஏறினா சவ்வை மட்டும் நம்ப முடியாது. தொடையில காத்து வர்ற ஜிப் இருக்கான்னு பாருங்க. வேர்வையும் ஈரம்தானே?

நல்ல பிப்ல மார்புகிட்ட ஒரு பாக்கெட் இருக்கும். செல்போனுக்குனு நினைச்சேன். பனிச்சரிவுல புதைஞ்சா 457 கிலோஹெர்ட்ஸ்ல சிக்னல் அனுப்புற கருவிக்காம். இசிஇ ஸ்டூடன்ட்டா எனக்குக் குஷி. ஆனா, 2023 பிப்ரவரியில அஃபர்வாட் பக்கம் பனிச்சரிவுல ரெண்டு போலந்துக்காரங்க இறந்துபோனதை கோச் சொன்னதும் கப்சிப். நாங்க கடைசி வரைக்கும் கீழ்ச் சரிவைத் தாண்டலை. கைடு இல்லாம நீங்களும் தாண்டாதீங்க.

பிப்ல ஒரே ஒரு பிராப்ளம்... அவசரமா 'ஒண்ணுக்கு' வந்தா ஜாக்கெட், பட்டைனு எல்லாத்தையும் கழட்டணும். பின்பக்கம் ஜிப் வெச்ச மாடலும் இருக்கு. கேர்ள்ஸ், அதைக் கேட்டு வாங்குங்க!

அன்னிக்கு முப்பது தடவையாவது விழுந்திருப்பேன். சாயங்காலம் தொட்டுப் பார்த்தா உள்ளே துளி ஈரம் இல்லை. ரூமுக்கு வந்தா, முதல் நாள் பால்கனியில காயப்போட்ட என் ஜீன்ஸ் பலகையா உறைஞ்சு கிடக்கு. எடுத்து சுவத்துல சாத்தினேன். நின்னுச்சு!