வட்டவளையில் ஓர் இரவு

குடை இல்லாமல் வட்டவளையில் இறங்குகிறவர் அவ்வூருக்குப் புதியவராகவே இருக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு பிற்பகல் நான் அப்படித்தான் இறங்கினேன். நாவலப்பிட்டியில் நல்ல வெயில். இங்குருஓயா, கலபொட என்னும் சிறு நிலையங்களைக் கடந்து புகையிரதம் மலையைச் சுற்றிச் சுற்றி ஏற, வெயில் எங்கோ பின்தங்கிவிட்டது. வட்டவளை நிலையத்தின் பெயர்ப்பலகையைக்கூட மழைத்திரை மறைத்திருந்தது.

இலங்கையில் மிகுதியாக மழை பெய்யும் இடங்களுள் இதுவும் ஒன்று. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து சுமந்துவரும் மேகங்கள் மேற்குச் சரிவில் முட்டி, இங்கேதான் தம் சுமையை இறக்குகின்றன. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர், அதாவது ஏறத்தாழ 200 அங்குல மழை, இப்பகுதிக்குப் புதிதன்று. மூவாயிரம் அடிக்கு மேலே அமைந்த இம்மலைகளில் நீர் வழியாத பாறையைக் காண்பது அரிது.

நாவலப்பிட்டி வரை 1874-இல் வந்து நின்ற இருப்புப்பாதை, அட்டனை அடைய மேலும் பத்தாண்டுகள் பிடித்தன. 1884-இல் பாதை அட்டனுக்குச் சென்றபோது, அதை எதிர்பார்த்திருந்த கோப்பிப் பயிர் ஏறக்குறைய அழிந்துவிட்டிருந்தது. 1869-இல் தோன்றிய இலைநோய் கோப்பியைத் தின்று தீர்க்க, அதன் இடத்தில் தேயிலை ஏறியது. பயிர் மாறினாலும் அதைச் சுமந்த முதுகுகள் மாறவில்லை. தமிழகத்திலிருந்து வந்த அம்மக்களின் வழித்தோன்றல்களே இன்றும் இம்மலைகளில் கொழுந்து கொய்கிறார்கள்.

நான் வட்டவளைக்குச் சென்றது இயற்கைக் காட்சி காண அன்று. என்னிடம் கல்லூரியில் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் இப்போது தோட்டப் பாடசாலையில் ஆசிரியராக இருக்கிறார். அவர் எழுதிய கடிதமே என்னை அங்கே இழுத்தது. “என் தங்கைக்குத் திருமணம் பேசி முடித்திருக்கிறோம். அப்பா காலமாகிவிட்டபடியால் பெரியப்பாதான் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். அவரோ பல ஆண்டுகளுக்கு முன்பே கிறிஸ்தவ சமயத்தைத் தழுவியவர். திருநீறு பூசி மணவறையில் நிற்கமாட்டேன் என்கிறார். மாப்பிள்ளை வீட்டார் மனம் கோணுகிறார்கள். தாங்கள் சைவ நூல்களைக் கற்றவர். ஒரு முறை வந்து பெரியப்பாவிடம் பேசினால், தங்கள் சொல்லுக்கு மதிப்புத் தருவார்” என்று எழுதியிருந்தார்.

புகையிரதத்தில் வரும்போது சொல்ல வேண்டியவற்றையெல்லாம் மனத்துக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். ஆசிரியனுக்கு அது பழகிப்போன தொழில் அன்றோ!

நிலையத்திலிருந்து ஒரு மைல் ஏற்றம். கால்களில் அட்டை ஏறாமல் பார்த்துக்கொண்டு, தேயிலைச் செடிகளுக்கிடையே மாணவரின் பின்னால் நடந்தேன். மேட்டு லயத்தின் கடைசி வீட்டு வாசலில், வாங்கு ஒன்றில் பெரியவர் அமர்ந்திருந்தார். வயது அறுபத்தாறு. இடது கால் முழங்காலுக்கு மேலேயே முடிந்துவிட்டது. ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது.

“வாங்க ஐயா, உக்காருங்க. நல்லா நனைஞ்சிட்டீங்களே. இந்தா புள்ள, ஐயாவுக்குச் சுடச்சுடத் தேத்தண்ணி கொண்டா” என்றார். உள்ளே அவருடைய மனைவியார் மாரியம்மன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிக்கொண்டிருந்தார். அதே சுவரில், ஓர் ஆணி தள்ளி, சிலுவை ஒன்று தொங்கியது.

பேச்சு எப்படியோ வேட்டைக்குச் சென்றது. மலைநாட்டின் வேட்டைக் கதை நீண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேஜர் றொஜர்ஸ் என்பவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியதாகச் சொல்வார்கள். 1845-இல் அப்புத்தளையில் இடி விழுந்து அவர் மாண்டார். நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், ஹோட்டன் சமவெளியில் நாய்களை ஏவி மரை வேட்டையாடியதை நூலாகவே எழுதிவைத்தார். துரைமாருக்கு அது பொழுதுபோக்கு. லயத்து மக்களுக்கோ, ஞாயிற்றுக்கிழமைச் சட்டியில் கொஞ்சம் இறைச்சி. காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் மரக்கறித் தோட்டங்களை உழுதுவிடுவதால், அவற்றைப் பிடிப்பது பயிரைக் காப்பதாகவும் ஆயிற்று.

“நாங்க அஞ்சு பேர் ஒரு செட்டு ஐயா. கட்டுத்துவக்கு வைக்கிறதில நான்தான் வாத்தியார்” என்றார் பெரியவர்.

நகரத்து நேயர்கள் பலர் கட்டுத்துவக்கை அறிந்திருக்கமாட்டார்கள். பன்றி நடக்கும் ஒற்றையடித் தடத்தின் ஓரத்தில், மருந்தும் ஈயக்குண்டும் இட்ட குழாய் ஒன்றை முளைகளில் தாழக் கட்டிவைப்பார்கள். அதன் விசையிலிருந்து மெல்லிய கம்பியொன்று தடத்தின் குறுக்கே ஓடும். கம்பியில் எது பட்டாலும் துவக்கு வெடிக்கும். பட்டது பன்றியா, பசுவா, மனிதனா என்று அது பார்ப்பதில்லை. சட்டத்துக்கு விரோதமான இக்கருவியால் காலிழந்தவர்களும் உயிரிழந்தவர்களும் இந்நாட்டில் பலர். சுருக்குக் கம்பியும் அத்தகையதே. 2020-ஆம் ஆண்டு வைகாசியில், நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில், மிக அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கில் அகப்பட்டது. அதை மீட்டுச் சிகிச்சை அளித்தும் பயனின்றிச் சில நாள்களில் இறந்தது.

“1991-ஆம் வருசம், ஐப்பசி மாசம். மாடு ஒண்ணு வீடு திரும்பல்லேன்னு ஓடைக்கரைப் பக்கமாத் தேடிப் போனேன். நாங்க வழக்கமாத் துவக்கு வைக்கிற இடம் அது இல்லே. அதனால பயமில்லாம நடந்தேன். வெடிச்ச சத்தம் கேட்டுச்சு. கீழே பார்த்தா கால் வேற பக்கம் திரும்பிக் கிடக்குது. இரவு முழுக்க மழை. கத்தினாலும் ஓடைச் சத்தத்தில யாருக்குக் கேக்கும்? விடியுற நேரம், கம்பி கட்டியிருந்த முளை பக்கத்திலேயே தெரிஞ்சுச்சு. முடிச்சைப் பார்த்தேன் ஐயா. அது நான் பழக்கிக் குடுத்த முடிச்சு. அந்த முடிச்சுப் போடத் தெரிஞ்சவன் இந்தத் தோட்டத்தில இன்னும் ஒருத்தன்தான்.”

அந்த ஒருவர், அவருடைய பால்ய நண்பர். அதே லயத்தில் இரண்டு வாசல் தள்ளிக் குடியிருந்தவர். துவக்கை இடம் மாற்றி வைத்தவர் அதைக் கூட்டாளிக்குச் சொல்ல மறந்துவிட்டார்.

காலையில் கொழுந்துக்குப் போன பெண்கள் அவரைக் கண்டார்கள். கம்பளியில் கிடத்தி, கம்பில் கட்டித் தூக்கி, கொழுந்து லொறியில் ஏற்றிச் சென்றார்கள். நகரத்து ஆஸ்பத்திரியில் காலை எடுத்தார்கள். பொலிசார் கேட்டபோது, “யார் வைத்த துவக்கென்று தெரியாது” என்று சொல்லிவிட்டார். அது அன்பினால் அன்று. “அவனை நான் பார்த்துக்கிறேன்னு நெனச்சுத்தான் சொல்லல்லே” என்று என்னிடம் மறைக்காமல் கூறினார். நண்பரோ அச்சத்தால் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை.

நான்கு மாதங்கள் கட்டிலில் கிடந்தார். முதல் வாரம் உறவினர் கூட்டம். இரண்டாம் மாதத்தில் மனைவி மட்டும். அவரும் கொழுந்து எடுக்காவிட்டால் பிள்ளைகளுக்குச் சோறில்லை. பக்கத்துக் கட்டிலில் கிடந்த கிறிஸ்தவர் ஒருவரைப் பார்க்க, வியாழக்கிழமை தோறும் வயது முதிர்ந்த உபதேசியார் ஒருவர் வருவார். அந்நோயாளி குணமாகி வீடு சென்ற பின்பும் உபதேசியார் வருவதை நிறுத்தவில்லை. இவருடைய கட்டிலருகே அமர்ந்தார். வீட்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார், முகம் மழித்துவிட்டார்.

“என் சாமியைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொல்லல்லே ஐயா. ‘எதுக்கு என்னைப் பார்க்க வர்றீங்க?’ன்னு ஒருநாள் நானே கேட்டேன். ‘வலி எப்படி இருக்குன்னு கேக்கத்தான்’னாரு. அப்ப அழுதேன்.”

மலைத்தோட்டங்களில் கிறிஸ்தவத்தின் வரலாறு இருமுகம் கொண்டது. டிக்கோயாவில் 1878-இல் எழுந்த வார்லி தேவாலயம் போன்றவை துரைமார் தமக்கெனக் கட்டியவை. மறுபுறம், 1854-இல் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு மிஷன் தொடங்கப்பட்டது. ‘கூலி’ என்ற சொல்லையே பெயரில் தாங்கிய அம்மிஷனின் பணி, தமிழ் உபதேசியார்களின் கால்நடையில்தான் லயம் லயமாகச் சென்றது. பெரியவரின் கட்டிலருகே அமர்ந்தவர் அந்த நெடிய வரிசையில் வந்த ஒருவர் எனலாம்.

வீடு திரும்பிய பின்பும் உபதேசியார் மழையில் மலையேறி வந்தார். தம்மைச் சிலுவையில் அறைந்தவர்களுக்காக இயேசு வேண்டிக்கொண்ட வரலாற்றை ஒருநாள் படித்துக் காட்டினார். பெரியவர் அன்று இரவு உறங்கவில்லை. “ஆணி அடிச்சவன் பக்கத்தில நிக்கையிலேயே ஒருத்தர் அப்படிச் சொல்லியிருக்காரு. என் கூட்டாளி எனக்குன்னு துவக்கு வைக்கல்லியே, பன்னிக்குத்தானே வச்சான்னு தோணுச்சு. ஆனாலும் மனசு லேசில இறங்கல்லே. அவன் வீட்டுக்கு ரெண்டு வாசல்தான். அந்த ரெண்டு வாசலைத் தாண்ட எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு ஐயா.”

ஊன்றுகோலோடு சென்று கதவைத் தட்டியபோது, நண்பர் பேச்சற்று அவருடைய ஒற்றைக் காலில் விழுந்தாராம். அதன் பின் ஆஸ்பத்திரிக்குச் செல்லும் நாள்களில் பெருந்தெரு வரை அவரை முதுகில் சுமந்தவர் அந்நண்பரே. சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் இறந்தபோது, மயானம் வரை இவர் ஊன்றுகோலோடு சென்றார். ஞானஸ்நானம் பெற்றது 1994-இல். மனைவியார் மாரியம்மனை விடவில்லை. இவரும் விடச் சொல்லவில்லை. “அவளுக்கு ஆத்தா, எனக்கு இயேசு சாமி. அடுப்பு ஒண்ணுதானே!” என்று சிரித்தார்.

என் முறை வந்தது. நான் அடுக்கிவந்த வாதங்கள் ஏனோ நாவில் எழவில்லை. மெய்ப்பொருள் நாயனாரின் வரலாற்றை மட்டும் சொன்னேன். அடியார் வேடத்தில் வந்து தம்மைக் குத்திய பகைவனை, ஒருவரும் தீண்டாமல் ஊர் எல்லை வரை கொண்டுபோய் விடும்படி தத்தனுக்கு ஆணையிட்டு, அவன் சேமமாகச் சென்றான் என்ற சொல் கேட்கும்வரை உயிரைத் தாங்கியிருந்த மன்னரின் வரலாறு அது. மன்னிப்பு நம் சமயத்துக்கு அயலானதன்று என்று காட்டுவதே என் நோக்கம்.

பெரியவர் கண்கலங்கக் கேட்டார். “ரொம்ப நல்ல கதை ஐயா” என்றார். சிறிது நேரம் மழையைப் பார்த்திருந்துவிட்டு, “நாலு மாசம் கட்டில்ல கிடந்தேனே, இந்தக் கதையை அப்ப யாரும் வந்து சொல்லல்லியே” என்றார். அதில் குற்றச்சாட்டு இல்லை. உள்ளதைச் சொன்னார். கதை நம்மிடம் இருந்தது. கட்டிலருகே செல்லும் கால்கள் இல்லை. இரண்டு கால்களோடு அமர்ந்திருந்த நான் தலைகுனிந்தேன்.

அன்றிரவு பெரியவர் உறக்கத்தில் முனகினார். காலையில் கேட்டபோது, “இல்லாத கால்தான் ஐயா, மழைக்கு வலிக்குது” என்றார். இவ்வலிக்கு மருத்துவ நூலில் இடமுண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் உறுப்பிழந்த வீரர்களை ஆராய்ந்த வியர் மிச்செல் என்னும் மருத்துவர், 1871-இல் இதற்கு ‘மாய உறுப்பு’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். “சாமி கும்பிட்டும் வலி போகவில்லையா?” என்று மாணவர் கேட்டார். “போகல்லே தம்பி. ஆனா வலிக்கிறப்போ யாரையும் திட்டத் தோணல்லே” என்றார் பெரியவர்.

புறப்படுமுன் திருமணப் பேச்சை எடுத்தேன். “புள்ளைக்கு நான்தானே அப்பன்? தாரை வார்த்துக் குடுக்கிறேன். ஐயர் சொல்ற இடத்தில நிக்கிறேன். திருநீறு மட்டும் வேணாம் ஐயா. நம்பாம பூசினா உங்க சாமிக்கும் அது மரியாதை இல்லையே” என்றார். இதற்கு மறுமொழி எந்தச் சைவ நூலிலும் எனக்குக் கிடைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கு அன்றே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். வெறும் நெற்றியோடு நிற்கப்போகும் அம்மனிதரின் கையால் பெண்ணைப் பெறுவது அவர்களுக்குப் பெருமையே என்று எழுதினேன். அடுத்த தை மாதத்தில் திருமணம் இனிது நிறைவேறியது.

வட்டவளை நிலையத்தில் மறுநாளும் மழைதான். என்னோடு பணிபுரியும் நண்பர் ஒருவர் பாரிசவாதத்தால் கண்டி ஆஸ்பத்திரியில் ஆறு வாரமாகக் கிடந்தார். முன்பொரு முறை எங்களுக்குள் நேர்ந்த மனத்தாங்கலைக் காரணமாக்கி, நான் சென்று பார்க்கவில்லை. கண்டியில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல், நனைந்த குடையோடு ஆஸ்பத்திரி வாசலை நோக்கி நடந்தேன். பார்வையாளர் நேரம் முடிய இன்னும் அரைமணி இருந்தது.